கமாண்ட் லைன் நிரலின் வெளியீட்டை மற்ற நிரல்களும் படிக்கும்படி எப்படி அமைப்பது? திரையில் வரும் அட்டவணை போதாதா?

போதாது. உங்கள் நிரல் வேலை செய்கிறது, அட்டவணையும் அழகாக வருகிறது, இப்போது யாரோ அந்த வெளியீட்டை எடுத்து இன்னொரு ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கப்போகிறார் என்று நினைக்கிறேன். நானும் அதே இடத்தில் நின்றவன்.

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். பெயர், மூடை, எடை, தொகை என்று நான்கு நெடுவரிசைகள். கணக்குப் பார்க்கும் தம்பி வரிகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ‘ஆக்’ (awk) கட்டளையால் இரண்டாவது நெடுவரிசையை எடுத்துக் குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டார். எனக்கு அது தெரியாது. பெரும்போக அறுவடை உச்சத்தில் இருந்தபோது ஈரப்பதத்தையும் காட்டச் சொன்னார்கள். பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் பார்க்க வசதி என்று இரண்டாவது நெடுவரிசையாகவே சேர்த்துவிட்டேன்.

கொள்வனவில் ஈரப்பதத்தின் எல்லை 14 வீதம். தம்பியின் ஸ்கிரிப்ட் ஈரப்பதத்தையே மூடை என்று எடுத்ததால், அன்று மாலை எல்லோருக்கும் 13 மூடை, 14 மூடை என்றே செய்தி போனது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து 62 மூடை கொண்டுவந்த ஒரு முல்லைக்காரரின் (வயலைப் பார்த்துக்கொள்பவரின்) கணக்கில் வயலின் சொந்தக்காரரான போடியாரின் தொலைபேசி எண் இருந்தது. செய்தியைப் பார்த்த போடியார் அவரைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுத விரும்பவில்லை. முல்லைக்காரர் இரவோடு இரவாக மண்முனைப் பாலம் கடந்து ஆலைக்கு வந்து, “தம்பி, மிச்சம் 48 மூடையும் எங்கே?” என்று கேட்டார். அவர் மேல் திருட்டுப் பழி விழுந்ததற்குக் காரணம் நான் இடம் மாற்றி வைத்த ஒரு நெடுவரிசை.

தம்பியின் ஸ்கிரிப்ட்தான் பிழை என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். நான் வேறு வழி கொடுக்காததால் அவர் கண்ணுக்கான அட்டவணையை எண்ணிப் பிரித்தார். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (git) கருவியின் ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள். மனிதருக்கான வெளியீடு ஒன்று. ‘போர்சலைன்’ (--porcelain) என்று கேட்டால் வருவது இன்னொன்று. பயனரின் அமைப்புகள் எப்படி இருந்தாலும், பதிப்புகள் மாறினாலும் இரண்டாவது மாறாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் பிறகு செய்தது இதுதான். கணக்கிடும் பகுதி எதையும் அச்சிடாது; மூடை, எடை என்று பெயரிட்ட புலங்கள் கொண்ட பதிவுகளை மட்டும் உருவாக்கும். அவற்றை அட்டவணையாகவோ, ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு எழுதும் ஜேசனாகவோ (JSON), காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வியாகவோ (CSV) எழுதுவது தனிப் பகுதி. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் உள்ள லிப்எக்ஸ்ஓ (libxo) நூலகமும் ஒரே அழைப்பிலிருந்து எழுத்து, ஜேசன், எக்ஸ்எம்எல் எல்லாம் தருகிறது. ஜேசனில் ஒரு வரிக்கு ஒரு பதிவு வைத்தேன். நடுவில் நின்றுபோனாலும் அதுவரை வந்தவை பயன்படும். எடையின் அலகைப் புலத்தின் பெயரிலேயே வைத்தேன். தொலைபேசி எண்ணை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும். எச்சரிக்கைகள் தனியாக உள்ள பிழை வெளியீட்டுக்கே (stderr) போகவேண்டும், ஜேசனோடு கலக்கக் கூடாது. புதிய புலம் சேர்க்கலாம். இருப்பதன் பெயரையோ பொருளையோ மாற்றவேண்டுமென்றால் பதிப்பு எண்ணும் மாறவேண்டும். எந்தப் புலங்கள் வேண்டும் என்று தெரிவுசெய்யவும் விடுங்கள்.

வெளியீடு திரைக்குப் போகாமல் பைப் வழியாக இன்னொரு நிரலுக்குப் போனால் தானாகவே ஜேசனுக்கு மாறும்படி சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நிறத்தை அப்படி நிறுத்தலாம். வடிவத்தை, கேட்டால் மட்டும் மாற்றுங்கள். எளிய எழுத்து வரிகளாலேயே நிரல்களை இணைக்கும் யுனிக்ஸ் மரபை நான் மதிக்கவில்லை என்று யாரும் வரவேண்டாம். டேப் பிரித்த வரிகளை இன்றும் தினமும் பயன்படுத்துகிறேன்.

அட்டவணையை விட்டுவிடாதீர்கள், ஆனால் தமிழில் அது தனிப் பாடு. ‘நெல்’ கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடுகள். கணினி அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். சி மொழியின் பிரிண்ட்எஃப் பைட்டையே அகலமாக எண்ணுவதால் நெடுவரிசைகள் கோணலாகும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. மட்டக்களப்பில், பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள் வரும் ஓர் அலுவலகத்தின் கணினியில் தமிழ்ப் பெயரைப் பதிய இடமே இல்லை. ஒரே விவசாயியின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அந்த மனிதர் கிராம சேவகரிடம் அலைகிறார். நிரல் எழுதியவருக்கு ஒரு நாள் வேலை, அவருக்கு ஒரு போகம் முழுக்க அலைச்சல்.

அன்றிரவே போடியாரைத் தொலைபேசியில் அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். தம்பியின் ஸ்கிரிப்ட் இப்போது ‘மூடை’ என்ற புலத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. போன சிறுபோகத்தில் நெல் இனத்துக்கு ஒரு புலம் சேர்த்தேன். அவர் தன் ஸ்கிரிப்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.