செருப்பு கழன்றதை உணரவில்லை என்றால் உடனே வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, கழன்று விழுந்த செருப்பை உணராமல் நாலைந்து அடி நடந்துவிட்டதாகப் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதுதான். அக்காவை மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, தோக்கியோவில் வசிக்கும் நீங்கள் மூன்றாண்டுகளாக மீன், முட்டை, பால் எதுவுமின்றி, முழுதானியத்தை முதன்மையாகக் கொண்ட மேக்ரோபயாடிக் உணவு உண்டுவருகிறீர்கள். பாதம் மரத்துப்போவதை 'நச்சு வெளியேறும் அறிகுறி' என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி ஐந்து மாதங்களைக் கடத்தியிருக்கிறீர்கள். வெளியேறுவது நச்சு அல்ல, பழுதுபடுவது நரம்பு.

வைட்டமின் பி12 இயற்கையாக விலங்கு உணவிலிருந்தே நமக்குப் போதிய அளவில் கிடைக்கிறது. மிசோ எனும் புளித்த சோயா விழுதையும் கடற்பாசியையும் அதற்காக நம்பியிருக்க முடியாது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிப்பதால், குறைபாடு இவ்வளவு தாமதமாகத் தலைகாட்டுகிறது. முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறீர்களா, இருட்டில் சுவரைப் பிடித்து நடக்கிறீர்களா என்று கவனியுங்கள். இருந்தால் தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். சோர்வுக்காக நீங்களாக வாங்கி விழுங்கும் ஃபோலிக் அமில மாத்திரை இரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புச் சிதைவை நிறுத்தாது. கேட்காமல் மாத்திரை போடாதீர்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

பழுப்பரிசியால் வயிறு உப்புவதும், முதல் ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்து பிறகு எடை நிலைத்திருப்பதும் கவலைக்குரியவை அல்ல.

இந்த உணவு முறையை நான் இகழவில்லை. யின், யாங் என்னும் எதிரெதிர் ஆற்றல்களின் சமநிலையை அடிப்படையாக வைத்து ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா (1893–1966) வகுத்து, அவருடைய மாணவர் மிச்சியோ குஷி அமெரிக்காவில் பரப்பிய இம்முறையில், தட்டில் ஏறக்குறைய பாதி முழுதானியம், ஏறத்தாழ கால்பங்கு காய்கறி, அத்துடன் சிறிது பயறும் கடற்பாசியும் மிசோ சூப்பும் இருக்கும். நார்ச்சத்து கூடி, கொழுப்பு குறைவதால் மலச்சிக்கல் தீர்வதும் கொலஸ்ட்ரால் இறங்குவதும் உண்மையான பலன்கள். குஷியின் முறையில் வெண்சதை மீனுக்கு எப்போதாவது இடமுண்டு. அதையும் நீங்கள் விலக்கிவிட்டீர்கள்.

நீங்கள் நேரடியாகக் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: மீன் சாப்பிட்டால் அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வருமா? மீனால் வராது. இந்த உணவு புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கும் சான்றில்லை. குஷியே 2014-இல் கணையப் புற்றுநோயால்தான் இறந்தார். 46 வயதில் உங்களைக் காக்கக்கூடியது மேமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே பரிசோதனையும், குடும்ப வரலாற்றைச் சொல்லி மரபணு ஆலோசனை பெறுவதும்தான்.

அதற்கு முன், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழிருந்தால் குறைபாடு தெளிவு. 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டால் பி12 குறைந்தால் இரத்தத்தில் கூடும் மீத்தைல்மலோனிக் அமிலத்துக்கான பரிசோதனையும் தேவைப்படும். ஃபோலிக் அமிலம் எடுப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பி12 ஊசி போடத் தொடங்கும் முன்பே பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிடுங்கள். ஆனால் முடிவுக்காகக் காத்திருந்து ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.