கேள்வி பதில்: காந்தப் புலம் இல்லாமலே ஹால் விளைவு

கேள்வி: குரோமியம் கலந்த மென்படலத்தில் வெளிக் காந்தப் புலம் இல்லாமலே ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது) இயற்கை மாறிலிகள் மட்டுமே தீர்மானிக்கும் குவாண்டம் மதிப்பில் நிற்கிறதாமே? பிறகு ஏன் அவ்வளவு குளிர் தேவை?

பதில்: 2013-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு காட்டியது அது. பிஸ்மத், ஆன்டிமனி, டெலூரியம் சேர்ந்த படலம். கனம் சுமார் 5 நானோமீட்டர். குரோமியம் தரும் காந்தத்தன்மை மேற்பரப்பு எலக்ட்ரான்களின் ஆற்றலில் ஓர் இடைவெளியை, அதாவது எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் வரம்பைத் திறக்கிறது. அதனால் உள்ளே வழியின்றி மின்னோட்டம் விளிம்பில் ஒரே திசையில் ஓடுகிறது. அப்போது ஹால் தடை சுமார் 25,813 ஓம்; அதுதான் அந்தக் குவாண்டம் மதிப்பு.

படலம் சுமார் 15 கெல்வினிலேயே காந்தமாகிவிடுகிறது. ஆனாலும் முழு மதிப்பு வந்தது 30 மில்லிகெல்வினில்தான் (தனிப்பூஜ்யத்துக்கு 0.03 பாகை மேலே). குற்றவாளி குரோமியமேதான்: அணுக்கள் தாறுமாறாகப் பரவுவதால் இடைவெளி இடத்துக்கு இடம் மாறுகிறது. சிறிது வெப்பம் இருந்தாலே, இடைவெளி குறுகிய இடங்கள் வழியே மின்னோட்டம் உள்ளே கசிகிறது. மாங்கனீசு படிக அடுக்கிலேயே ஒழுங்காக அமைந்த மாங்கனீசு பிஸ்மத் டெலூரைடில், ஐந்து அடுக்குள்ள மெல்லிய துண்டு 2020-இல் 1.4 கெல்வினிலேயே இந்த விளைவைத் தந்தது. அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தம் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் ஒற்றைப்படை எண்ணிக்கை வேண்டும். அதிலும் மாங்கனீசும் பிஸ்மத்தும் இடம் மாறி உட்கார்ந்தால் தொல்லைதான்.

அளக்கும்போது மின்னோட்டம் நானோஆம்பியர் அளவில் இருக்கட்டும். கூடினால் மாதிரி சூடாகும். ஹால் முனைகள் (குறுக்கு மின்னழுத்தத்தை அளக்கும் எதிரெதிர் இணைப்புகள்) நேருக்கு நேர் இல்லாவிட்டால், மின்னோட்டத் திசையிலான நீளவாக்குத் தடை அளவீட்டில் கலந்துவிடும். அதை நீக்க, வெளிக் காந்தப் புலத்தை இரு திசைகளிலும் முழுதாக ஓட்டி, ஏறும்போது கிடைத்த மதிப்பிலிருந்து இறங்கும்போது எதிர்ப்புலத்தில் கிடைத்ததைக் கழித்துப் பாதியாக்குங்கள். ஒரே ஓட்டத்துக்குள் கழித்தால் தயக்க வளையமே (புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் மதிப்பு வேறுபடுவதால் வரும் வளைவு) சிதைந்துபோகும்.