பிராய்லர் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே தீவனத்தில் 5 சதம் எண்ணெய் கலக்கச் சொல்கிறார்கள். எடை கூடுமா, கோழிக்குக் கெடுதல் உண்டா?

எடை கூடும். ஆனால் முதல் நாளிலிருந்தே 5 சதம் வேண்டாம். பல்லடம் பக்கம் பிராய்லர் வளர்க்கிறேன், தீவனமும் நானே அரைக்கிறேன். பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு கிலோ எண்ணெயில் ஒரு கிலோ மக்காச்சோளத்தைப் போல இரண்டரை மடங்கு எரிசக்தி இருக்கிறது. கொழுப்பு செரிக்கும்போது உடம்பில் உண்டாகும் சூடும் குறைவு. சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு தீவனத்தைத் தொடாமல் நிற்குமே, அப்போது எண்ணெயின் அருமை தெரியும். கொஞ்சம் தின்றாலும் எடை விழாது.

குஞ்சுப் பருவம் வேறு. முதல் பத்து நாள் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் போதிய அளவு சுரக்காது. பாமாயில் போன்ற நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள எண்ணெயில் கணிசமான பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடும். எச்சம் பிசுபிசுத்து, தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவு ஈரமாகி, காலடியில் புண் வரும். நான் அந்த நாட்களில் சோயா எண்ணெய் ஒரு சதம்தான் சேர்ப்பேன். பிறகு 3, விற்பனைக்கு முந்தைய இரண்டு வாரம் 4. அப்போது தவிட்டு எண்ணெயும் சரிதான்.

எண்ணெயை ஏற்றும்போது சோயா புண்ணாக்கையும் ஏற்றுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள். எரிசக்தி கூடினால் கோழி தின்பதைக் குறைத்துக்கொள்ளும், புரதமும் குறைந்துபோகும். எடை வரும், ஆனால் அது வயிற்றுக் கொழுப்பாக வரும். கறிக்கடைக்காரர் அறுத்துப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் எண்ணெயின் தரம். ஒருமுறை ஒரு வியாபாரியிடம் விலை மலிவு என்று, பலகாரம் சுட்டு மிச்சமான எண்ணெயை வாங்கிக் கலந்துவிட்டேன். மூன்றாவது வாரம் குஞ்சுகள் தடுமாற ஆரம்பித்தன. தலை பின்பக்கம் வளைந்து, பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்தன. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற தொற்றுநோய் என்றே நினைத்து நடுங்கிப்போனேன். கால்நடை மருத்துவர் செத்த குஞ்சை அறுத்துக் காட்டினார்: சிறுமூளை வீங்கி ரத்தம் கசிந்திருந்தது. கெட்டுப்போன எண்ணெய் தீவனத்திலிருந்த வைட்டமின் ஈ-யை அழித்துவிட்டது, அதனால் வந்த நோய் என்றார். தீவனத்தை மாற்றி, தண்ணீரில் வைட்டமின் ஈ கொடுத்தோம். நின்றிருந்தவை தப்பின. விழுந்தவற்றில் பெரும்பாலானவை எழவே இல்லை. அந்தக் குஞ்சுகள் துடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே காறல் வாடை துளி அடித்தாலும் அந்த எண்ணெயைத் தொடாதீர்கள். டின்னை வெயில் படாமல் மூடி வையுங்கள். எண்ணெய் கலந்த தீவனமும் சீக்கிரம் கெடும். கோடையில் நான் நான்கு நாளுக்கு மேல் ஆகிற அளவுக்கு அரைப்பதில்லை.