நரி சொன்னது புளிப்பா, காயா?

கேள்வி: ஈசாப் கதைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிச் சிறுவர்களுக்குச் சின்னப் புத்தகமாகப் போட நினைக்கிறேன். நரியும் திராட்சையும் கதையே நாலு மொழிபெயர்ப்பில் நாலு விதமாக இருக்கிறது. எதை நம்புவது? காப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் குழப்பத்துக்குக் காரணம், அந்த ஆங்கிலப் புத்தகங்களில் பாதி மொழிபெயர்ப்பே இல்லை, மறுகூறல். திராட்சைக் கதையையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அது இரண்டே வாக்கியம்: பசித்த நரி, மரத்தில் ஏறிய கொடியில் குலைகள் தொங்குவதைப் பார்த்தது, எடுக்க நினைத்தது, முடியவில்லை, போகும்போது தனக்குத்தானே 'ஓம்ஃபாகெஸ் எய்சின்' (எல்லாம் பழுக்காதவை) என்றது. அவ்வளவுதான். ஓடிவந்து குதிப்பதெல்லாம் இதில் கிடையாது. குதிக்கும் நரி கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் செய்யுளாக எழுதிய ஃபீட்ரஸின் நரி.

ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஜார்ஜ் ஃபைலர் டவுன்சென்ட் (1867) திராட்சையைப் பழுத்த கறுப்புத் திராட்சை ஆக்கி, நரி தன் தந்திரமெல்லாம் காட்டியதாகவும் சேர்த்தார். ஜோசப் ஜேக்கப்ஸ் (1894) ஒரு கோடைநாள், ஒரு பழத்தோட்டம் என்று போட்டு, பசியையே தாகமாக்கிவிட்டார். படிக்க ஜேக்கப்ஸ்தான் சுகம், ஆனால் அதைத் தமிழாக்கினால் நீங்கள் மொழிபெயர்ப்பது ஜேக்கப்ஸை.

'ஓம்ஃபாகெஸ்' என்றால் பழுக்காத திராட்சை. ஃபீட்ரஸின் நரி, இன்னும் பழுக்கவில்லை, புளிப்பானது எனக்கு வேண்டாம் என்று இரண்டையும் சொல்கிறது. ஆங்கிலத்தில் புளிப்பு மட்டும் பழமொழியாக நின்றுவிட்டது, நாமும் 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்கிறோம். ஆனால் தமிழில் இதற்கு ஆங்கிலத்தைவிட நல்ல சொல் இருக்கிறதே: 'எல்லாம் காய்'. கனியிருக்கக் காயைப் பறிப்பதைப் பற்றிக் குறளே இருக்கும்போது, சிறுவனுக்கு இது புரியாமல் போகுமா? கிரேக்கப் பிரதியில் கதைக்குக் கீழே வரும் நீதியும் இதோடுதான் பொருந்துகிறது: தன் இயலாமையால் கிட்டாததற்குச் சிலர் காலத்தைக் குறை சொல்வார்கள், என்கிறது. காய் என்றால் காலம் வரவில்லை என்றுதானே பொருள்! புளிப்பு என்று போட்டால் இந்த இழை அறுந்துபோகும்.

அதனால் என் யோசனை, டவுன்சென்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன மாதிரி ஒட்டு வேலை இருந்தாலும் சுருக்கமானவர். பக்கத்தில் லாரா கிப்ஸின் 2002 ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பைத் திறந்து வையுங்கள். கிரேக்கம், லத்தீன் இரண்டிலிருந்தும் 600 கதைகள். பெர்ரி எண் என்று ஒன்று உண்டு, கதைகளுக்குப் பொதுவான அடையாள எண், திராட்சைக் கதை 15, ஆமையும் முயலும் 226. தலைப்பை வைத்துத் தேடினால் மாறிமாறி வரும், எண்ணை வைத்துத் தேடுங்கள்.

அப்புறம், எறும்புக் கதையில் (373) வருவது வெட்டுக்கிளி இல்லை, மரத்தில் இருந்து ரீங்காரமிடும் சிள்வண்டு. கோடையெல்லாம் பாடியது என்பது சிள்வண்டுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். பூனைக்கு மணி கட்டும் கதை ஜேக்கப்ஸில் இருக்கிறது, ஆனால் அது இடைக்கால ஐரோப்பாவின் சரக்கு. அட்டையில் 'கிரேக்கக் கதைகள்' என்று போடுவதாக இருந்தால் அதைச் சேர்க்காதீர்கள்.

காப்புரிமை எளிது. ஈசாப்புக்கு இல்லாவிட்டாலும் மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு, இந்தியாவில் அவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை. டவுன்சென்ட் 1900இல் இறந்தார், ஜேக்கப்ஸ் 1916இல், இருவரையும் தாராளமாக எடுக்கலாம். கிப்ஸை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; அவருடைய வாக்கியங்களை அப்படியே தமிழாக்குவதானால் பதிப்பகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.