விருந்தாளி மூன்று நாள், அப்புறம் வீட்டுப் பெண்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் இரண்டு ரூம் வீடு எங்களுடையது. கணவர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், மாமியார் என்று ஐந்து பேர். எங்கள் பகுதி சேவைச் சங்கம் நடத்தும் இளைஞர் பரிமாற்றத்துக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு 16 வயதுப் பெண் வந்து எங்கள் வீட்டில் ஆறு வாரம் தங்குவாள். அடுத்த கோடை விடுமுறையில் என் மகள் அவர்கள் வீட்டில் ஆறு வாரம் தங்குவாள். சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது தூக்கமே வரவில்லை. பாத்ரூம் ஒன்றுதான், அதுவும் இந்தியன் டாய்லெட். சங்கத்துக்காரர் ஒருவர், "வெளிநாட்டுப் பிள்ளையை அந்த ஏரியாவுலயா வைக்கிறது? அண்ணா நகர்ல ஒரு வீடு இருக்கு, மாத்திடலாமா?" என்று கேட்கிறார். மாமியாரோ, "ஆடி மாசம், கோயில், கூழுன்னு இருக்கிறப்போ மாட்டுக்கறி தின்ற பொண்ண வீட்ல வெச்சுக்கணுமா?" என்கிறார். விலகிவிடட்டுமா? விலகினால் மகள் மனசு உடைந்துபோவாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு, விலகாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். சுமார் இருபது வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் இதேபோல் ஒரு பெண் வந்தாள், பெல்ஜியத்திலிருந்து. வருகிறாள் என்று தெரிந்ததுமே வீட்டைத் தலைகீழாக்கினேன். திரைச்சீலை மாற்றினேன், புதுத் தட்டு வாங்கினேன், ரொட்டி, ஜாம், கார்ன்ஃபிளேக்ஸ் என்று அலமாரியை நிரப்பினேன். அவள் தட்டை எடுத்தால் பிடுங்கிக் கழுவினேன், துடைப்பத்தைத் தொட்டால் பதறினேன். நல்லபடியாகக் கவனிக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் அந்தப் பிள்ளை ரொட்டியும் ஜாமும் தின்றுகொண்டு, ஹாலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது.

எட்டாம் நாள் விடிகாலையில் முறத்தில் நெத்திலியைக் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தேன். சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் குந்தினாள். "வேணாம்மா, நாறும்" என்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, "இந்த வீட்டில் இதை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை" என்றாள். கண்ணில் தண்ணீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, அந்த இழுப்பிலேயே குடலும் வரும்படி எப்படி எடுப்பது என்று காட்டிக்கொடுத்தேன். முதல் பத்து மீனைப் பிய்த்துக் கூழாக்கினாள். அதற்கப்புறம் பழகிவிட்டது. மணிக்கட்டு வரை செதில் ஒட்டிக்கொண்டு மினுங்க, அன்றைக்குத்தான் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தாள். மதியம் அந்த மீன் குழம்பை மூக்கில் நீர் வழிய வழியச் சாப்பிட்டாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொன்னது வீட்டுக்காரர்களை நினைத்து மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். விருந்தாளிக்கும் அது பொருந்தும் தங்கச்சி. நாலாம் நாளும் விருந்தாளியாகவே உட்காரவைத்தால் அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். உங்கள் வீட்டுக்கு வருகிறவளுக்கு முதல் மூன்று நாள் வயிறும் தூக்கமும் சரியாகட்டும். நாலாம் நாள் ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் கேன் வந்தால் வாங்கிவைப்பது, மொட்டைமாடித் துணியை எடுத்து மடிப்பது, உங்கள் மகனுக்கு இங்கிலீஷ் பாடம் படித்துக் காட்டுவது, எதுவானாலும் சரி. அந்த வேலை அவளுடையதாகவே இருக்கட்டும். அவள் மறந்தால் உங்கள் மகளிடம் கேட்பதுபோல அவளிடமும் கேளுங்கள்.

இப்போது அந்த அண்ணா நகர் விஷயம். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். சேவைச் சங்கங்கள் இந்தப் பரிமாற்றத்தை நடத்துவதே, ஒரு பிள்ளை இன்னொரு ஊரின் வாழ்க்கையை உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. 1905-இல் சிகாகோவில் தொடங்கி 1929-இல் மதராசுக்கு வந்த ரோட்டரியும் சரி, லயன்ஸும் சரி, இப்படிப் பிள்ளைகளை ஓட்டலில் தங்கவைக்காமல் குடும்பங்களில் தங்கவைப்பது அதனால்தான். தங்கவைக்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. பெரிய வீடு வேண்டும் என்று எந்த விதியும் கேட்பதில்லை. ரோட்டரியின் முறையில் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். அறையைப் பகிர்ந்துகொள்வதானால் ஏறக்குறைய அதே வயதுள்ள, அதே பாலினப் பிள்ளையோடு இருக்க வேண்டும். உங்கள் மகளின் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா? அது போதும்.

வடசென்னையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் உங்கள் அத்தையிடம் அனுப்பிவையுங்கள். அவர்கள் யாரையாவது "சரியான எம்டன்" என்று திட்டியிருப்பார்கள் இல்லையா? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் கடலோரம் வந்து குண்டு போட்டது. துறைமுகத்தின் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றி எரிந்தன. பயந்துபோய் ஊரைவிட்டு ஓடினவர்கள் ஏராளம். அந்தப் பயம் ஆறிப்போன பிறகும் பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது, கில்லாடி, பொல்லாதவன் என்ற அர்த்தத்தில். தன் ஊர்க் கப்பலின் பெயர் தண்டையார்பேட்டைத் தெருவில் ஒரு வசவாக உலவுகிறது என்று கேட்டால் அந்தப் பெண் எப்படி விழிப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். அதை உங்கள் அத்தை வாயாலேயே அவள் கேட்கட்டும், மகள் மொழிபெயர்க்கட்டும். இதே ஜெர்மனியில் பிறந்த பாப்ரிசியஸ் என்ற பாதிரியார்தான், நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேப்பேரியில் வாழ்ந்து, 1779-இல் ஒரு தமிழ்-ஆங்கில அகராதியை அச்சிட்டார். குண்டும் அங்கிருந்து வந்தது, அகராதியும் அங்கிருந்து வந்தவர் போட்டது. இரண்டையும் சொல்லுங்கள்.

அவளை மகாபலிபுரத்துக்குச் சங்கம் எப்படியும் கூட்டிப்போகும். நீங்கள் காசிமேட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்கும், ஜூலையில் கடற்கரை களைகட்டியிருக்கும். விடிகாலை ஏலத்தில் கூடையைச் சுற்றி நின்று அக்காமார்கள் விலை ஏற்றுவதைப் பார்க்க மொழி வேண்டாம். வரும் வழியில் 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். மாலையில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டில் கேரம் போர்டு இருந்தால் பவுடர் வாங்கி வையுங்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்கும்தான்.

அத்தையின் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "காலம் மாறிப்போச்சு அத்தை" என்று வாயடைக்க வேண்டாம். பூஜை அறைக்குள் யார் வரலாம், ஆடிச் செவ்வாய், வெள்ளியில் வீட்டில் என்ன சமைப்பதில்லை, இதையெல்லாம் அவர்களையே சொல்லச் சொல்லி மகளைவிட்டு எழுதி அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். காரணத்தோடு சொன்னால் அந்த வயதுப் பிள்ளைகள் மதிப்பார்கள். சொல்லாமல் விட்டுவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால்தான் தவித்துப்போவார்கள். அவள் தன் ஊரில் என்ன சாப்பிடுகிறாள் என்பது அவள் வீட்டுச் சமாசாரம், உங்கள் அடுப்பில் எது ஏறும் என்பது உங்கள் சமாசாரம். ஆனால் ஒன்றில் மட்டும் நீங்கள் அத்தைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு நாட்களில் ஒதுங்கி உட்காரச் சொல்லும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை அந்தப் பெண் மேல் போடாதீர்கள். அவளை விட்டுவிட்டு உங்கள் மகளை மட்டும் ஒதுக்கிவைத்தால் மகள் என்ன நினைப்பாள் என்றும் யோசியுங்கள். அந்தப் பேச்சை ஜூலைக்கு முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு சங்கதி. நாம் முதல் தடவை "வேணாம்" என்பதே மரியாதைக்கு, இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். அவள் "போதும்" என்றால் போதும்தான். மேலே ஒரு கரண்டி ஊற்றாதீர்கள். "வேணாம்" என்றதால் பசித்தே கிடக்கும் நிலை நாளைக்கு உங்கள் மகளுக்கு ஜெர்மனியில் வரும், ஏனென்றால் அங்கே இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள். இதை இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள். அதேபோல அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக இருந்தால் கோபம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா முதல் எல்லோரும் வந்து கன்னத்தைக் கிள்ளி, நிறத்தைப் புகழ்ந்து, செல்ஃபி எடுப்பார்கள். கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றிய அந்தப் புகழ்ச்சியைப் பக்கத்தில் நிற்கும் உங்கள் மகளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

டாய்லெட்டுக்கு நீங்கள் இவ்வளவு கலங்க வேண்டாம். தாழ்ப்பாள் நன்றாக விழ வேண்டும், பக்கெட்டில் தண்ணீர் இருக்க வேண்டும், ஒரு மூடி போட்ட குப்பைக் கூடை, டிஷ்யூ பேப்பர். குந்தி உட்காரப் பழக்கமில்லை என்றால் மேலே வைக்கிற ஸ்டூல் கடையில் கிடைக்கிறது. எந்த நேரத்தில் மோட்டார் போடுவீர்கள், எப்போது தண்ணீர் நின்றுபோகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர்தான் தர வேண்டும்.

சங்கத்திடம் நீங்கள் கறாராகக் கேட்க வேண்டியவையும் உண்டு, கூச்சப்படாதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரையும் பற்றி அவர்கள் விசாரிக்க வேண்டும், வீட்டுக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும். அது உங்கள் மேல் சந்தேகம் இல்லை, நாளைக்கு உங்கள் மகள் தங்கப்போகும் வீட்டிலும் அதேபோல விசாரித்தார்களா என்று கேட்கும் உரிமை அதனால்தான் உங்களுக்கு வருகிறது. அந்தப் பெண்ணுக்கு உங்கள் குடும்பத்தைச் சேராத ஒரு பொறுப்பாளர், முடிந்தால் பெண்ணாக, எந்த நேரமும் போன் எடுப்பவராக இருக்க வேண்டும். உங்களைப் பற்றியே குறை என்றாலும் அவரிடம் அவள் சொல்ல முடிய வேண்டும். மது, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல் விவகாரம் இந்த நாலும் கூடாது என்பது ரோட்டரியின் பரிமாற்றத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்பும் விதி. உங்கள் சங்கத்தின் விதிகளையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும். அவள் வந்திறங்கி 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவுக்கான படிவத்தை ஆன்லைனில் கொடுக்க வேண்டும். ஓட்டல்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் தங்கவைப்பவர்களுக்கும் அது கட்டாயம். இதைச் சங்கத்துக்காரர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கட்டும்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். எங்கள் பெல்ஜியம் பெண்ணை அப்போதைய சங்கத்துக்காரர்கள் வாராவாரம் ஏதாவது ஒரு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்பது பொன்னாடை சேர்ந்தது, பாவம், அவள் யாரோடும் பத்து நிமிஷம் பேசியிருக்க மாட்டாள். மேடை ஒரு நாள் போதும், மற்ற நாளெல்லாம் பிள்ளை எங்களோடு இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

அண்ணா நகர்க்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள். இன்று இரவே மகளை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேர் இருக்கிறோம், ஒரு பாத்ரூம், இப்படித்தான் இருக்கும், ஆடி மாதம் விடியற்காலையில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு கேட்கும், கூழ் ஊற்றும் நாளில் ஆயாவுக்கு இன்னொரு கை தேவைப்படும், நீ வருவாயா என்று. வீட்டுப் படங்களும் அனுப்புங்கள். வாசல், மாடிப்படி, அடுக்களை, அந்த டாய்லெட், அவள் படுக்கப்போகும் கட்டில் எல்லாம் தெரியட்டும். அத்தையும் ஒரு படத்தில் உட்காரட்டும்.