ஒரு பவுன் ஏன் எட்டு கிராம்?

கேள்வி: என் மகன் லண்டனில் இருக்கிறான், அவனுக்குப் பவுண்டு என்றால் சம்பளப் பணம். என் மருமகனோ, "ஒரு பவுண்டு 453 கிராம். நகைக்கடையில் ஒரு பவுன் என்று எட்டு கிராம் கொடுத்து ஏமாற்றுகிறார்கள்" என்கிறார். பவுன் பணமா, எடையா? — ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: மருமகனிடம் சொல்லுங்கள் அம்மா, எட்டு கிராமில் ஏமாற்று எதுவும் இல்லை. நாம் ஏமாறுகிற இடம் வேறு.

பவுண்டு முதலில் எடைதான். பழைய இங்கிலாந்தில் ஒரு பவுண்டு வெள்ளியை 240 பென்னிக் காசுகளாக அடித்தார்கள். அந்த 240 காசும் சேர்ந்தால் ஒரு பவுண்டு பணம். (அந்த வெள்ளிப் பவுண்டு சுமார் 350 கிராம். மருமகன் சொல்லும் 453 கிராம், கறியும் மாவும் நிறுக்கிற பவுண்டு.) காலப்போக்கில் காசில் வெள்ளி குறைந்துகொண்டே போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பவுண்டுப் பணத்தின் குறியும், எடைக்கு எழுதுகிற 'எல்பி'யும் லிப்ரா என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. லிப்ரா என்றால் தராசு. நம் துலாம் ராசிக்கும் அங்கே அதே பெயர்தான். பக்கத்துப் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் லிவர் கூட ஒரு காலத்தில் பணமாகவும் எடையாகவும் இருந்தது.

சரி, நம் பவுனுக்கு வருவோம். இது பவுண்டு எடை அல்ல. ஒரு பவுண்டு மதிப்புக்கு இங்கிலாந்தில் அடித்த தங்கக் காசு. அவர்கள் சாவரின் என்றார்கள், நம் வாயில் அது சவரன். 1817 முதல் அடித்த அந்தக் காசு 22 காரட், எடை 7.988 கிராம். 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதை இந்தியாவிலும் 15 ரூபாய்க்குச் செல்லும் காசாக்கியது. 1918இல் பம்பாயிலேயே அடித்தார்கள். நம் ஜனங்கள் அதைச் செலவழித்ததைவிடக் கழுத்தில் கோத்ததுதான் அதிகம். என் பாட்டியின் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் ராஜா தலை; மறுபக்கம் குதிரை மேலிருந்து ஒருவர் பறவை நாகத்தைக் குத்துகிறார். விளிம்பில் வளையம் பற்றவைத்து எடுத்த தழும்பு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பட்டறைத் தராசில் வைத்தபோது 7.96 காட்டியது. மீதி, பாட்டியின் கழுத்தில் தேய்ந்தது.

காசு புழக்கத்திலிருந்து போனது, அதன் எடை மட்டும் நின்றது. அதை முழுதாக்கி எட்டு கிராம் என்கிறோம். எடையாகப் பிறந்து பணமான சொல், நம் ஊருக்கு வந்து மறுபடி எடையாகிவிட்டது. சோழர் காலத்தில் கழஞ்சுக் கணக்கில் பொன் நிறுத்துக் கோயிலுக்குக் கொடுத்தவர்கள் நாம். நமக்கு இது புதிதும் அல்ல.

இப்போது அந்த வேறு இடம். "அஞ்சு பவுன் ஆரம்" என்று வாயால் பேசி முடிக்கிறோமே, அங்கேதான். அந்த ஐந்து பவுனில் கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. 40 கிராமுக்கு 12 சதவீதம் சேதாரம் போட்டால் 4.8 கிராம், அரைப் பவுனுக்கு மேல். கைக்கு வராத தங்கத்துக்கு அன்றைய விலையில் பணம் கட்டுகிறோம். கல்யாண அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டு, அப்புறம் அடகு வைக்கப் போகும்போது எடை குறைந்து கண்கலங்கி நிற்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறவில்லை.

அதனால் கடையில் பவுனில் பேசாதீர்கள், கிராமில் பேசுங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம், செய்கூலி என்று ரசீதில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நகையில் ஹால்மார்க், 916, ஆறு எழுத்து-எண் அடையாளம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மருமகன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் ஆயிற்றே, கடைசியாக வாங்கிய நகையின் ரசீதை அவர் கையில் கொடுங்கள். அதில் நிகர எடை என்று ஒரு வரி இல்லையென்றால், நாளைக்கே இருவரும் கடைக்குப் போய்க் கேளுங்கள்.