பண்டிகைக் கடன் ஆண்டு முழுவதும் தொடர்கிறது: ஊருக்குப் போவதைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். நானும் கணவரும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். 12 வயதில் மகளும் 7 வயதில் மகனும் இருக்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருநெல்வேலியில் உள்ள மாமனார் வீட்டுக்குச் செல்வோம். தீபாவளிக்கு 35,000, இரண்டு நாத்தனார்களுக்கான பொங்கல்படியும் சேர்த்துப் பொங்கலுக்கு 22,000, மே மாதச் சுற்றுலாவுக்கு 28,000 ரூபாய் ஆகிறது. கணவரின் 20,000 ரூபாய் போனஸ் போதாமல் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கென என் பெயரில் 60,000 ரூபாய் வைப்புநிதி உள்ளது. பக்கத்து வீட்டில் நடத்தும் தீபாவளிச் சீட்டில் சேரலாமா? ஒவ்வொரு பண்டிகையின்போதும் “தம்பி சின்னவன், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்” என்று மகளிடம் சொல்வது மனத்தை உறுத்துகிறது.

பதில்: ஊருக்குப் போவதைக் குறைக்க வேண்டாம். தாத்தா, பாட்டி, அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் என்று உங்கள் குழந்தைகள் எல்லோரோடும் சேர்ந்திருக்கக் கிடைப்பவை அந்தச் சில நாட்கள்தான். உங்கள் வருமானத்துக்கு அந்தச் செலவு தாங்க முடியாததும் அல்ல. ஆண்டுக்கு 85,000 ரூபாய் தேவை என்பது முன்பே தெரிந்திருந்தும் பண்டிகை வரும் மாதத்தில்தான் அதற்குப் பணம் தேடுகிறீர்கள் என்பதே கடனுக்குக் காரணம்.

முதலில் கார்டு பாக்கியைத் தீர்த்துவிடுங்கள். மாதம் 3.5 சதவீதம் என்று கணக்கிட்டால் 40,000 ரூபாய்க்கு வட்டி 1,400 ரூபாயும், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாயுமாக மாதந்தோறும் 1,652 ரூபாய் போகிறது. பாக்கி நிற்கும் வரையில், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வைப்புநிதி 7 சதவீதம் தந்தாலும் அதே 40,000 ரூபாய்க்கு ஓராண்டில் கிடைப்பது 2,800 ரூபாய்தான். அந்தத் தொகையைக் கார்டு இரண்டே மாதத்தில் வட்டியாக வாங்கிவிடுகிறது. படிப்புக்கென ஒதுக்கிய பணத்தைத் தொட ஒரு தாய்க்கு மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் முன்கூட்டியே எடுப்பதற்காக வட்டியில் சிறிது குறைந்தாலும், வைப்புநிதியிலிருந்து 40,000 ரூபாயை எடுத்துக் கார்டு பாக்கியை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். பிறகு, இதுவரை வட்டியாகப் போன 1,650 ரூபாயை மாதந்தோறும் தொடர்வைப்பில் (ஆர்.டி.) போட்டுவந்தால், சுமார் இரண்டு ஆண்டுகளில் படிப்புப் பணம் பழைய அளவுக்கு வந்துவிடும்.

பண்டிகை, சுற்றுலாச் செலவில் போனஸைக் கழித்தால் 65,000 ரூபாய் தேவைப்படுகிறது. இதற்குத் தொடர்வைப்பு பொருந்தாது, ஏனெனில் ஆண்டுக்கு மூன்று முறை பணம் எடுக்க வேண்டியிருக்கும். யுபிஐயோடு இணைக்காத தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, சம்பளம் வந்த மறுநாளே அதற்கு 5,500 ரூபாய் தானாகச் செல்லும்படி வங்கியில் எழுதிக்கொடுங்கள். ஜூனில் தொடங்கினால் அக்டோபருக்குள் 27,500 ரூபாய் சேரும். போனஸும் சேர்ந்தால் தீபாவளி முடிந்து 12,500 ரூபாய் மிஞ்சும். அதோடு அடுத்த இரண்டு மாதத் தவணைகளும் சேர்ந்தால் பொங்கல் செலவு போக 1,500 ரூபாய் மிஞ்சும். அதோடு ஜனவரி முதல் மே வரையிலான தவணைகளும் சேர்ந்தால் சுற்றுலாவும் நடந்து 1,000 ரூபாய் கையில் இருக்கும். ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், கணக்கில் பணம் இருந்தால் பண்டிகை நேரத்து ஆம்னி பேருந்துக் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தீபாவளிச் சீட்டு வேண்டாம். 1982-ஆம் ஆண்டின் சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்தப்படும் சீட்டில், நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

பொங்கல்படியைப் பொறுத்தவரை, நாத்தனார்களுக்குக் கொடுப்பதைத் திடீரென்று குறைத்தால் பல ஆண்டுகள் பேசப்படும் மனத்தாங்கல் ஆகிவிடும். ஆனால் உங்கள் கொழுந்தனாருக்கு வருமானம் இருக்குமானால், உடன்பிறந்தவர்களுக்குச் செய்யும் சீரில் அவருக்கும் பங்கு உண்டு. இதை நீங்கள் பேசாமல், உங்கள் கணவரே பண்டிகைக்கு வெகு முன்பாகத் தம்பியிடம் தனியாகப் பேசுவது நல்லது.

மகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதே இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பணம் பற்றாத வீட்டில் விட்டுக்கொடுக்கும் சுமை பெரும்பாலும் மூத்த பிள்ளைமீதே, அதிலும் பெண்ணாக இருந்தால் கேட்காமலேயே, விழுந்துவிடுகிறது. தீபாவளித் துணிக்கு இருவருக்கும் ஒரே தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அது எவ்வளவு என்பதை இருவரிடமும் சேர்த்தே சொல்லுங்கள். தன் பங்கில் மிஞ்சுவதை என்ன செய்வது என்று மகளே முடிவு செய்யட்டும். 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. தாத்தா கொடுக்கும் பொங்கல் பணத்தையும் குடும்பச் செலவில் கலக்காமல் அந்தக் கணக்கிலேயே போட அவளை வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். மகனுக்கு 10 வயது ஆகும்வரை அவனுடைய பங்கை உங்கள் பொறுப்பில் தனியாக எழுதி வைத்தால் போதும்.